ஊதா நட்டு இருபது

அந்த டயர் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முப்பத்தைந்து வயது முதலாளிக்கும் அக்கா, அவனைவிடப் பத்து வயது மூத்த பஞ்சர்காரருக்கும் அக்கா. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் உண்டு.

முதலில் பில் போடுகிற வேலைக்குத்தான் வந்தாள். இரண்டாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, சக்கரம் மாட்டுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வாசலில் ஆறு வண்டி. அப்போதைய முதலாளி, இப்போது இருப்பவனின் அப்பா, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு பட்டறைக்குள் இறங்கினாள். அன்றைக்கு இறங்கியவள்தான். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது வலது தோள் கையை மேலே தூக்க விடுவதில்லை. தலை சீவ இடது கைதான். புருஷன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். இவள் கதவைத் திறந்துகொண்டு வரும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். குடும்பப் பேச்செல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டின சீட்டில் நடந்தது. 'பால் இருக்கு.' 'மாத்திரை போட்டியா?' 'போட்டேன்.' போடவில்லை. வாங்கவே மறந்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பல் டாக்டர் தன் வண்டியோடு வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், தரையோடு தரையாக. பட்டறையே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. டாக்டர் ஐம்பதைத் தொட்ட மனிதர். ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு மெத்தையில் இருபது வீல் நட்டு, ஊதா நிறத்தில், நகைக்கடைச் சாமான் மாதிரி மின்னிக்கொண்டு.

"பழசை எல்லாம் கழட்டிட்டு இதை மாட்டணும். கம்பெனி நட்டு பாக்கவே சகிக்கல."

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வண்டியிலிருந்து ஒரு பழைய நட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டர், இது சேராது."

"ஏம்மா? நானே ஒண்ணை மாட்டிப் பாத்தேன். சல்லுனு ஏறுச்சே."

"மரை சரிதாங்க. வாய்தான் சரியில்ல. உங்க வீல்ல நட்டு உக்கார்ற குழி உருண்டையா இருக்கு. இதோட வாய் கூம்பு. உருண்டைக் குழியில கூம்பு உக்காந்தா முழுசாப் பதியாது. ஓட ஓட லூசாகும்."

அவர் நம்பாத முகத்தோடு நிற்கவே, ஊதா நட்டின் வாயில் மார்க்கர் பேனாவால் மை தடவி, கையால் இறுக்கிக் கழற்றிக் காட்டினாள். குழியின் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் பதிந்திருந்தது. பழைய நட்டுக்கும் அப்படியே மை தடவிக் காட்டினாள். குழி முழுக்க மை.

டாக்டர் பார்த்தார். பார்த்ததை அவருக்குப் பிடிக்கவில்லை. "மூணு மாசமாத் தேடி வாங்கினதும்மா இது" என்றார்.

முதலாளி நடுவில் வந்தான். "அக்கா, அவரே கேக்கறாரு. மாட்டி விட்டுடுங்களேன். என்ன ஆயிடப்போகுது?"

"நீ மாட்டு தம்பி. நான் குறுக்கே நிக்கல."

அவள் ஸ்பேனரை நீட்டினாள். முதலாளிக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது. டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டு வேறு கடையைத் தேடிப் போனார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வாதாடி ஜெயிக்கிற தெம்பு எப்போதோ போய்விட்டது. கழற்றின பழைய நட்டைத் திரும்ப மாட்டக்கூட டாக்டர் நிற்கவில்லை. அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, அடுத்த வண்டியை ஜாக்கியில் ஏற்றினாள்.

அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அதே மஞ்சள் கார் விளக்கெல்லாம் மினுக்கிக்கொண்டு ஊர்ந்து வந்தது. முன்பக்க இடது சக்கரத்திலிருந்து டக், டக் என்று சத்தம். டாக்டர் இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸ்டியரிங் ஆடுச்சு மேடம். திடீர்னு. அம்மா வேற உள்ள இருக்காங்க."

போன தடவை ஏம்மா. இந்தத் தடவை மேடம். பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒரு கையையும் அக்கா ஒரு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

"இதுல ஏற ஆள் வேணாம், தொப்புனு விழுந்தாப் போதும்" என்றாள் அந்த அம்மாள் மூச்சு வாங்க. "இறங்கத்தான் ரெண்டு பேர் வேணும்."

அக்கா குனிந்து பார்த்தாள். ஐந்து நட்டில் மூன்று, விரலால் தொட்டாலே சுற்றின. நட்டு ஏறுகிற ஸ்டட் ஒன்று முறிந்து நட்டோடு எங்கேயோ போயிருந்தது. சக்கரத்தின் குழிகள் தேய்ந்து கோணலாகியிருந்தன. இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் சக்கரம் தனியாகவும் வண்டி தனியாகவும் போயிருக்கும். தான் சொன்னது சரியாகப் போனதில் அவளுக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

"அந்தக் கடையில காத்துக் கன் வெச்சு அடிச்சாங்களா?"

"ஆமா. டர்ருனு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க."

"இந்த ஊதா நாந்தான் சொன்னேன்" என்று அம்மாள் ஸ்டூலில் இருந்தபடியே சொன்னாள். "அவனைத் திட்டாதம்மா. வாரத்துக்கு மூணு நாள் எனக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். மெஷின்ல நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கணும். பக்கத்துல உக்காந்து போன்ல நட்டு நட்டாக் காட்டுவான். மூணு மாசம் அதைத்தான் பாத்தோம். பொழுது போகணும்ல."

டாக்டர் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படிப்பதுபோல நின்றார்.

"பெரிய வண்டியாப் பாத்து வாங்கியிருக்கலாமே?" என்று அக்கா கேட்டாள்.

"அதுல போய் இறங்கினா எல்லாரும் நோயாளியப் பாக்கறாங்க. இதுல போய் இறங்கினா வண்டியப் பாக்கறாங்க" என்றாள் அம்மாள்.

அக்கா டாக்ஸிக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு மணிக்கு மெஷினில் இருக்க வேண்டுமாம்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, புது நட்டு எது போடலாம் என்று கேட்டு டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ கால் செய்தார். திரையில் தலையணையும் அம்மாளின் பாதி முகமும். "எனக்கும் காட்டு" என்றது பாதி முகம். அக்கா சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவிட்டு நட்டுக் கம்பெனியின் படப் புத்தகத்தை விரித்துப் பிடித்தாள். உருண்டை வாய், எஃகு, அதே மரை. அந்த வகையில் ஊதா கிடையாது. கருப்பு, வெள்ளி, மங்கலான ஒரு சிவப்பு.

"கருப்பு வேணாம். வெள்ளி பழசு மாதிரியே இருக்கும். சிவப்பு மஞ்சளுக்கு எடுக்குமா? நீ சொல்லு."

எது பலமானது, எது நீடிக்கும் என்றுதான் இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் அவளைக் கேட்டிருக்கிறார்கள். எது அழகு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. புத்தகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மஞ்சள் காரின் கதவோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"எடுக்கும்மா. நல்லாவே எடுக்கும்."

செவ்வாய்க்கிழமை சாமான் வந்தது. முன் சக்கரத்துக்கு ஐந்து புது ஸ்டட், தேய்ந்ததற்குப் பதில் ஒரு புதுச் சக்கரம். மற்ற மூன்றின் குழிகளைத் துடைத்து விளக்கடித்துப் பார்த்தாள். நல்ல வேளை, கீறலோடு தப்பியிருந்தன. இரும்பு பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தாள். ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலாலேயே கடைசிவரை ஏற்றினாள். பிறகு ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் போடுகிற வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக. வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச்சை நூற்றுப் பத்தில் வைத்து இழுத்தாள். கிளிக். அடுத்தது. கிளிக். மூன்றாவது சக்கரம் முடிவதற்குள் தோள் நெருப்பாக எரிந்தது.

"நான் பண்ணட்டுமா?" என்றார் டாக்டர். அவள் கண்ணை மூடிப் பல்லைக் கடித்ததைப் பார்த்திருந்தார்.

வேறு நாளாக இருந்தால் மறுத்திருப்பாள். அன்று ரெஞ்ச்சைக் கொடுத்துவிட்டு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கிளிக் வந்ததும் விட்டுடுங்க. அதுக்கு மேல இழுத்தா அது வேலை இல்ல, கோவம்."

அவர் இழுத்தார். ஐந்து நட்டுக்குள் சட்டை நனைந்துவிட்டது. "பல்லுப் பிடுங்கறது இதுக்குத் தேவலை" என்றார்.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் வாங்க. மறுபடி இறுக்கிப் பாக்கணும்."

ஆஸ்பத்திரிக்குப் போக வரப் பதினெட்டு கிலோமீட்டர். ஆறு தடவை, இரண்டு வாரம். சொன்னபடி இரண்டாம் வார முடிவில், மெஷினிலிருந்து நேராக, அம்மாவும் பிள்ளையும் வந்து நின்றார்கள். இருபது நட்டையும் அக்கா சோதித்தாள். ஒன்றே ஒன்று இம்மி நகர்ந்தது. மற்றதெல்லாம் அசையவில்லை.

"நீ இதுல போயிருக்கியா?" என்று அம்மாள் கேட்டாள்.

"எதுலயும் போனதில்லம்மா. நடைதான், பஸ்தான்."

"எனக்கு மெஷின்ல கிடந்து முதுகு விட்டுப்போச்சு. நான் இந்த நாற்காலியில கொஞ்சம் நிமிந்து உக்காந்துக்கறேன். நீ ஒரு சுத்து போயிட்டு வா. டேய், கூட்டிட்டுப் போ."

முதலாளி வாயைத் திறக்குமுன் அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா கிரீஸ் படாமல் இருக்கையில் ஒரு துணியை விரித்து, தொப்பென்று விழுந்தாள். நாற்காலி முதுகை அப்படியே வாங்கிக்கொண்டது. முதல் திருப்பத்தில் ஜன்னலுக்கு வெளியே கடைகள் ஓடுவதைப் பார்த்தாள். இரண்டாவது திருப்பத்தில் டாக்டர் எதையோ சொன்னார். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு அவள் தூங்கிப்போயிருந்தாள்.

அவர் கடையைத் தாண்டி இன்னொரு சுற்று போனார். பிறகு இன்னொன்று. மூன்றாவது தடவைதான் வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கூப்பிட வந்த முதலாளியை அம்மாள் நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டி நிறுத்தினாள்.

கால் மணி நேரம் கழித்து அவளாகவே விழித்துக்கொண்டாள். எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு டாக்டரிடம், "சத்தம் எதாவது வந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வரல மேடம்."

"சரி" என்று இறங்கக் கையை நீட்டினாள். இந்தப் பக்கம் டாக்டர் பிடித்தார், அந்தப் பக்கம் பஞ்சர்காரர் ஓடிவந்தார்.