காதர் பாய் கடையின் அமைதி

நான் தொழில் கற்றது கல்யாண வீடியோவில். மேளம், மைக் செட், பந்திச் சத்தம் எல்லாம் கலந்து டேப்பில் கிடக்கும். மேலே ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடுவோம். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து கேட்கும் அவசியமே வந்ததில்லை. காதர் பாய் கடைக்குப் போன முதல் நாளில்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், வீடுகளுக்கு பிராட்பேண்ட் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. எங்கள் ஸ்டுடியோ கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. முதலாளி அந்துவான் சாருக்குப் பாதி சொந்தம் பிரான்சில். அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர், வந்த வேகத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"கலா, இனிமே கடைக்காரனெல்லாம் அரை நிமிஷ விளம்பரத்த நம்ப மாட்டான். வாரா வாரம் உக்காந்து பேசுவான். பாக்குறவன் ரயில்ல போறப்ப காதுல மாட்டிக்கிட்டு பாப்பான். வீடியோ பாட்காஸ்ட்னு பேரு."

"கட்டில் விக்கிறவரு வாரா வாரம் இன்னா சார் பேசுவாரு?" என்று கேட்டேன்.

"பேசுவாரு, பாரு," என்றார்.

எட்டு நிமிடப் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, இணையத்தில் ஏற்ற அரை நாள் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. இப்போது போனில் ஒரு தட்டு தட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் கதையாகத்தான் இருக்கும்.

சிலான்ஸ்

முதல் வாடிக்கையாளர் காதர் பாய். இடிபடும் பழைய வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், நாற்காலி வாங்கிச் செப்பனிட்டு விற்பவர். முப்பது வருடம் ரம்ப மிஷின் பக்கத்தில் நின்றதில் காது மந்தம். நாம் பேசினால் உதட்டைப் பார்ப்பார். ஆனால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கேமரா முன் உட்கார்ந்து ஒரு கதவின் கதையை பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்தால், மொழி தெரியாத நான்கூடக் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன்.

கடையின் கூடம் பெரியது. மேலே தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும், அதற்கு மேல் மொட்டைமாடி. அந்தக் கூடத்தில்தான் செல்வி அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பிரம்பை இழுக்கும் சத்தம் மைக்கில் விழும் என்பதால், ஷூட்டிங் நேரத்தில் அவர்களை வெளியே முற்றத்துக்கு அனுப்புவது என் வேலை. முடிந்ததும் உள்ளே கூப்பிடுவதும் நான்தான்.

பேச்சை எடுத்து முடித்தபின் ரூம் டோன் எடுப்போம். யாரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்வது. இருமலையோ ஹாரனையோ வெட்டினால் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். அதில் இந்த அமைதியை எடுத்து ஒட்டிவிட்டால் காதுக்கு ஒன்றும் தெரியாது.

"சிலான்ஸ்," என்றார் அந்துவான் சார். பிரெஞ்சில் அமைதி என்று அர்த்தம்.

நின்றோம். ஹெட்போனில் அறை மெல்ல இரைந்தது. அப்போது என் தலைக்கு மேல் யாரோ விரலைச் சொடுக்கியது போல ஒரு சத்தம். திடுக்கிட்டு நிமிர்ந்தேன். மேலே உத்திரம் மட்டும்தான் இருந்தது. பாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்; அவருக்குக் கேட்க வழியில்லை. ஹெட்போன் இல்லாத அந்துவான் சாருக்கும் கேட்கவில்லை.

"பழைய வூடும்மா. வெயில் ஏறினா மரம் சத்தம் போடும். வெட்டிடு," என்றார் சார், நான் சொன்னதும்.

வெட்டினேன்.

கூட இருப்பவர்

மூன்றாவது வாரத்துக்குள் பாய்க்கு வெளிநாட்டிலிருந்து மெயில் வரத் தொடங்கியது. படத்தில் பார்த்த கதவு வேண்டும், அதேபோல் இன்னும் நான்கு வேண்டும் என்று கேட்டார்கள். பாய் ஊர் ஊராக அலைந்து கதவு வாங்கிப் போட்டார். கீழே இடமில்லை. கயிறு கட்டி மொட்டைமாடிக்கு ஏற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாயால் மூடினார்கள். நாங்கள் போகும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கயிற்றில் ஒரு கதவு ஆடிக்கொண்டிருக்கும்.

சொடுக்குச் சத்தமும் கூடியது. பாய் பேசும்போது அது தெரியாது. அவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு விடும் இடத்தில்தான் கேட்கும், எதிரில் உட்கார்ந்து "உம்" கொட்டுவது போல. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். பட்டப்பகலில் ஸ்டுடியோக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடிட் செய்தேன். ஒவ்வொன்றாகத் தேடி வெட்டி, அமைதியை ஒட்டினேன். சுத்தமாகச் செய்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை வேறு.

ஐந்தாவது வாரம் ஒன்று தப்பிவிட்டது போலிருக்கிறது. பிரான்சில் லியோனிலிருந்து வந்த மெயிலை அந்துவான் சார் படித்துச் சொன்னார்.

"ரயில்ல காதுல மாட்டிக் கேக்குறானாம். மெஸ்ஸியே காதர் கூட ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர ஏன் காட்டவே மாட்டேங்குறீங்கன்னு கேக்குறான்."

சார் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னும் நல்லா வெட்டும்மா," என்று மட்டும் சொன்னார்.

ஏழாவது வாரம் வெட்டினேன். ஒட்டுவதற்கு அமைதி கிடைக்கவில்லை. ஒரு நிமிட ரூம் டோனில் சுத்தமாக இரண்டு விநாடி சேர்ந்தாற்போல் இல்லை. பழைய டேப்பை எடுத்து முதல் வார அமைதியை ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஏழு வார ரூம் டோனையும் கம்ப்யூட்டர் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். சொடுக்கு விழுந்த இடமெல்லாம் சத்தத்தின் கோட்டில் முள் போல் நீட்டிக்கொண்டு தெரியும். முதல் வரியில் ஒரு முள். இரண்டாவதில் இரண்டு. நான்காவதில் ஆறு. ஏழாவது வரியில் கருவேலம் புதர் மாதிரி முள்ளாக நின்றது.

அந்த ஏற்றத்தை நான் வேறு இடத்தில் பார்த்திருந்தேன். மாடியில் கதவு ஏறியதும் இதே கணக்கில்தான். பேயாக இருந்தால் ஆர்டருக்குத் தகுந்தபடி கூடுமா?

நின்றது

கதவுப் பாரத்தில் உத்திரம் முறிகிறது, பாயிடம் சொல்ல வேண்டும் என்றேன். "பாய் கோச்சிக்கினு போயிட்டாருன்னா?" என்றார் அந்துவான் சார். நான் டேப், கேமரா, ஹெட்போன், மைக் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மணி பதினொன்று இருக்கும். அன்று ஷூட்டிங் இல்லாததால் நான்கு பெண்களும் கூடத்துக்குள் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"பர்மா தேக்கும்மா அது. எனக்கே மரம் சொல்லித் தரியா?" என்றார் பாய்.

"சொல்லித் தரல பாய். கேளுங்க, போதும்."

சத்தத்தை முழுதாக ஏற்றி அவர் காதில் மாட்டி, ஒவ்வொரு வாரமாகப் போட்டேன். முதல் மூன்று வாரத்துக்கு முகத்தில் மாற்றம் இல்லை. நான்காவதில் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். மேலே பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"செல்வி, போட்டது போட்டபடி எந்திரிச்சு வா. எல்லாரும் வாங்க."

"ரெண்டு வரிசதான் பாக்கி பாய்."

"வான்னா வா."

முற்றத்துக்கு வந்தோம். கூடத்து ஜன்னல் கட்டையில் மைக்கை வைத்து, ஒயரை இழுத்துக்கொண்டு வந்து நான் கேட்டேன். சொடுக்குகள் விடாமல் விழுந்துகொண்டிருந்தன. பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அத்தனையும் நின்றது. ஏழு வாரமாக நான் தேடிய சுத்தமான அமைதி.

"இன்னாச்சு?" என்றார் பாய்.

"நின்னுடுச்சு பாய்."

"அப்ப நல்லதுதானே?" என்றார் செல்வி அக்கா.

பாய் இரண்டு கையையும் விரித்து எங்களை மதில் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அடுத்த மூச்சில் கூடத்துக் கூரையில் பாதி உள்ளே இறங்கியது. ஹெட்போனைக் கழற்ற எனக்கு நேரமில்லை. சுண்ணாம்புத் தூசி அடங்கியதும் பார்த்தோம். பிரம்பு நாற்காலிகள் இருந்த இடத்தில் கதவுகள் குவிந்து கிடந்தன. உத்திரத்தின் சுவருக்குள் இருந்த முனை, ஈரத்தில் மக்கி, நனைந்த ரொட்டி போல் பிய்ந்திருந்தது.

அந்துவான் சார் சொன்னது பலித்தது. அடுத்த இரண்டு வருடத்தில் பேக்கரி, ஓட்டல், தோல் பை கம்பெனி என்று பலரும் கேமரா முன் வந்து உட்கார்ந்தார்கள். காதர் பாயும் முற்றத்திலேயே நாற்காலி போட்டுப் பேசினார். அதையெல்லாம் இன்னொரு நாள் பெருமையாகச் சொல்லலாம். எனக்கு அந்தத் தொழிலில் மறக்காமல் நிற்பது, அன்று தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு செல்வி அக்கா என்னிடம் கேட்டதுதான்.

"பாப்பா, மொத நாளே கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சுக்கா."

"எங்கள வெளிய அனுப்பிட்டுத்தானே கேட்ட?"

"ஆமாக்கா."

"அப்புறம் உள்ள போயி உக்காருங்கன்னும் நீதானே சொன்ன."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டே நின்றேன்.

எடிட்டிங் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு சத்தத்தை வெட்டும் முன் எழுந்து போய், அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளியே அனுப்பியவர்களை உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே பாருங்கள்.