அரைத் தட்டுத் தாமதம்

மச்சானின் வலது கை கீபோர்டின் மேல் நின்ற விதம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. மூன்று விரல்கள் சேர்ந்து இறங்க வேண்டிய இடத்தில் மோதிர விரல் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கும். அவர் என் அக்காவைக் கட்டியவர். தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ரோலருக்குள் கை போனபின் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் அவருக்கு மிஞ்சியிருந்தது பதுளையில் எங்கள் இசைக்குழு ஒன்றுதான். நான் அதில் டிரம்ஸ் அடித்தேன்.

மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப, தாளம் பிசகாமல் அடிக்க வேண்டிய பாட்டுகள் அவரைப் பாடாய்ப் படுத்தின. புதிதாக வந்த கீபோர்டில் வாசித்ததைப் பதிந்துவைக்கலாம்; ஒரு பட்டனைத் தட்டினால், பிந்தி விழுந்த கார்டைத் தாளத்துக்கு இழுத்து நிறுத்தும். மச்சான் ஒத்திகையில் பதிந்து, திருத்தி வைத்துக்கொள்வார். மேடையில் அதை ஓடவிட்டு, கட்டைகளைத் தொட்டும் தொடாமலும் விரலை அசைப்பார். இது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் தாளத்தில் அரைத் தட்டுக்கு மேல் பிந்தினால் அந்த மெஷினும் கைவிட்டுவிடும். கார்டை அடுத்த தட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஒரு கலியாணத்தன்று காலை மண்டபத்தில் அப்படித்தான் ஆனது. "இன்னொரு தடவ பிசகினா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று குழுவின் முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். மச்சான் பதிந்து திருத்தினார். கார்டுகள் தாறுமாறாக விழுந்தன. மறுபடி பதிந்தார். அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. "நீயே கேட்டுச் சொல்லு மாப்ள. இதுவும் போச்சுன்னா ஒங்க அக்கா மூஞ்சில எப்புடி முழிப்பேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கேட்டேன். அதுவும் போயிருந்தது. அழித்துவிட்டு, அவர் பிடிக்கும் அதே கார்டை நானே அடித்துப் பதிந்தேன். டிரம்ஸ்காரன் கை, திருத்தம் தேவைப்படவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அந்தத் திருத்தும் பட்டனையாவது தட்டி வைத்திருக்கலாம்.

மச்சான் வந்து கேட்டார். திருத்தாமலே சரியாக இருப்பதைக் கண்டார். "பாத்தியா மாப்ள, கை வந்திருச்சு" என்றார். அவர் அப்படிச் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உண்மையை மறைத்துவிட்டு டிரம்ஸை அடுக்கப் போனேன்.

மேடையில் அந்தப் பதிவை அவர் ஓடவிடவில்லை. கையாலேயே வாசித்தார். கார்டுகள் பிந்தின. அவருக்காக நானும் டிரம்ஸை இழுத்தேன், பாடியவர் தடுமாறினார், முதலாளி திரும்பி முறைத்தார். மச்சான் தன் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னை.

"அது ஒன் கையா மாப்ள?"

தலையாட்டினேன்.

சரணம் தொடங்கும்போது பட்டனைத் தட்டினார். நான் அடித்துவைத்தது கணக்காக விழுந்தது. பாட்டு முடியும்வரை மச்சான் அதற்கு விரலை அசைத்துக்கொண்டிருந்தார். சனம் கை தட்டியது. "பரவால்லயே, சமாளிச்சிட்டீங்க" என்று முதலாளி அவர் தோளைத் தட்டினார். குழுவிலிருந்து யாரும் அவரை நிறுத்தவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அவராகத்தான் வரவில்லை. அதன்பின் எந்தக் கீபோர்டையும் அவர் தொடவில்லை.

மச்சான் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அக்கா இன்னும் என்னிடம் கேட்கிறாள்: "அன்னைக்கி நல்லாத்தானடா வாசிச்சாரு, ஏன் விட்டாரு?"