மாபிளும் பழப்புளியும்

எந்தப் பொருளைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பது எனக்கொரு வியாதி. கதவைத் தட்டுவேன், மேசையைத் தட்டுவேன், விருந்துக்குப் போன வீட்டில் பேசிக்கொண்டே சுவரையும் தட்டுவேன். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. எட்டு மணி நேரம் மூடிகளை வளைத்து, நசுக்கி, நல்லது ஒரு பெட்டிக்கும் கெட்டது இன்னொரு பெட்டிக்குமாகப் போடுகிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது.

அப்போதுதான் மல்வேர்னில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில் ஒரு ரவுன்ஹவுஸ் வாங்கினோம். வீடு நல்ல வீடு. சமையலறைதான் பார்க்கச் சகிக்காது. மண்ணிறத் தட்டுகள், யாரோ சுடுசட்டி வைத்துக் கருகிப்போன கவுண்டர் மேடை, நடக்கும்போது காலோடு கூடவே வரும் தரை விரிப்பு. புதுவீடு புகும் குடிபூரலுக்கு அங்கேதான் பால் காய்ச்ச வேண்டும். "உந்தக் கவுண்டருக்குப் பக்கத்திலை நான் பால் பொங்க விடமாட்டன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். எனவே முதலில் சமையலறை, பிறகு குடிபூரல் என்று முடிவாயிற்று.

வேலைக்கு மாஸ்ரரைப் பிடித்தேன். ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே வீடு திருத்துகிறவர். எதையும் நிறுவிக் காட்டிய பிறகே ஆணி அடிப்பார். அவர் பழையதை உடைத்துக்கொண்டிருக்க, புதியதைத் தெரிவு செய்யும் பொறுப்பை நான் வலிந்து எடுத்துக்கொண்டேன். தரம் பார்ப்பவன் வீட்டில் இருக்கும்போது வேறு யார் எடுப்பது?

கடைக்காரன் சொல்வதை நம்புகிற ஆள் நானில்லை. கடைகளில் தரும் மாதிரித் துண்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். டைல், மரம், கல், பலகைக்கு மேல் ஒட்டுகிற தகடு என்று இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று பொட்டு வைத்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்த்தூள், ஒன்று முதல்நாள் நண்டுக் குழம்பு. வெள்ளைக்காரன் தக்காளிச் சோஸையும் கோப்பியையும் வைத்துச் சோதித்துப்போட்டு 'கறை பிடிக்காது' என்று எழுதிவிடுவான். எங்கள் குழம்பை அவன் எங்கே கண்டான்?

ஒரு இரவு முழுவதும் ஊறவிட்டேன். மறுநாள் துடைக்கும் திரவங்களின் முறை. நீலம், பச்சை, நுரைப்பது, எலுமிச்சை மணப்பது என்று ஏழு போத்தல்கள். ஒன்று குழம்பையும் எடுத்து, டைலில் இருந்த பூவையும் சேர்த்து எடுத்துவிட்டது. இன்னொன்று எதையும் எடுக்கவில்லை, ஆனால் வீடு முழுக்க ஆஸ்பத்திரி மணத்தது. எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டேன். தொண்ணூற்றாறு எடுத்து முதலாவதாக வந்தது சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்த ஒரு தகடு. அதில் எந்தக் கறை பட்டாலும் தெரியாது. ஏனென்றால் பார்க்கும்போதே ஏற்கெனவே கறை பட்டதுபோலத்தான் இருக்கும்.

"எனக்கு மாபிள் வேணும். வெள்ளை மாபிள்" என்றாள் மனைவி.

மாபிள் என்கிற அந்தச் சலவைக்கல்லுக்கு நான் போட்ட புள்ளி முப்பத்தைந்து. நண்டுக் குழம்பு அதில் மஞ்சளாக ஒரு நிழலை விட்டிருந்தது. தாளை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நாலு வருசமா டவுன்ரவுனிலை ஆரோ ஆக்களின்ரை மாபிளைத் துடைக்கிறன். எனக்கெண்டு ஒரு துண்டு வேணும். அவ்வளவுதான்."

அவள் நகரின் நடுவே ஓர் உயர்ந்த அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தாள். விடிய முன் பஸ் எடுத்துப் போவாள், பின்னேரம் நான்கு மணிக்கு வருவாள். அந்தக் கட்டடத்தின் வாசற்கூடம் முழுவதும் மாபிள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஏதாவது நினைத்திருப்பாள் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டதும் அதுதான் முதல் தடவை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல் வெட்டும் பட்டறை ஒன்றில் கழிவுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்குமென்று மாஸ்ரர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். யூனியன்வில்லில் ஒரு பெரிய வீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பால் வெள்ளை, அதில் மெல்லிய சாம்பல் கோடுகள். நான் வழக்கம்போலத் தட்டிப் பார்த்தேன். அவள் தட்டவில்லை. குனிந்து, தலையைச் சரித்து, வெளிச்சம் விழுகிற பக்கமிருந்து கல்லின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "ஒரு கீறும் இல்லை. இதுதான்" என்றாள். பட்டறைக்காரக் கிழவர் அவளை மரியாதையோடு பார்த்தார். என்னைப் பார்த்து, இனித் தட்ட வேண்டாம் என்று சைகை காட்டினார்.

மாபிள் வந்து சன்னலோரம் பொருந்தியதும் அவள் சட்டம் போட்டாள். "இளஞ்சூட்டுத் தண்ணி, கொஞ்சம் சோப், மெத்தெண்ட துணி. வேறை ஒண்டும் வேண்டாம். புளி, தேசிக்காய், வினிகர் மூண்டும் கிட்டவும் வரக்கூடாது. கல்லைத் தின்னும்."

"அப்ப மேலை ஒரு பிளாஸ்ரிக் விரிச்சு விடுவமே?" என்று கேட்டேன்.

"பொம்பிளைக்கு றெயின்கோட் போட்டு மணவறையிலை இருத்தின மாதிரிக் கிடக்கும்."

குடிபூரலுக்கு முதல்நாள் சனிக்கிழமை. அவளுக்கு வேலை, எனக்கு ஓய்வு. குத்துவிளக்கு கறுத்துப்போய்க் கிடந்தது. பித்தளை என்றால் பழப்புளி என்பது எங்கள் ஆட்களுக்கு இரத்தத்தில் ஊறிய விஷயம். எத்தனை போத்தல் கடையில் விற்றாலும் விளக்குக்குப் புளிதான். பாத்திரம் கழுவும் சிங்கைச் சுற்றி மாஸ்ரர் பசை பூசி, ஒரு நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெளிச்சமான இடம் சன்னலோரம்தான். மனைவியின் சட்டம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் கடை விளம்பரத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக மாபிளில் விரித்து, அதன்மேல் விளக்கை வைத்து, கரைத்த புளியால் நிதானமாகத் தேய்த்தேன். விளக்கு பொன்னாகப் பளபளத்தது. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டு ஒரு தேத்தண்ணியும் குடித்தேன்.

தாள்களை எடுத்தபோது அவை தொப்பலாக நனைந்திருந்தன. கீழே மாபிளில், விளக்கின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக, மங்கலாக ஒரு தடம்.

துணியால் துடைத்தேன், போகவில்லை. ஏழு போத்தல்களையும் இறக்கினேன். நீலத்துக்கு அசையவில்லை, பச்சைக்கு அசையவில்லை. குளியலறைக் கறைக்கென்று வாங்கியது என் சோதனையில் எண்பத்தெட்டுப் புள்ளி எடுத்த திரவம். அதை ஊற்றினேன். மெல்லச் சீறிற்று. வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாலும் முளைத்தது. பற்பசை தேய்த்தேன். கடைசியில் சாமித்தட்டில் இருந்த விபூதியை எடுத்து, கடவுளே என்று சொல்லிக்கொண்டு அதையும் தேய்த்தேன். கல்லுக்கு அருள் கிடைக்கவில்லை.

மாஸ்ரருக்குப் போன் அடித்தேன். வந்து, கண்ணாடியைப் போட்டு, விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, உது கறை இல்லை. காயம். கறை எண்டால் எடுக்கலாம். கல்லே அரிபட்டுப் போச்சு. இனி எதை எடுக்கிறது?"

"அவ நாலு மணிக்கு வந்திடுவா மாஸ்ரர்."

அவர் யோசித்தார். விளக்கைத் தூக்கி வட்டத்தின்மேல் வைத்தார். அச்சொட்டாகப் பொருந்தியது. அடியில் ஒரு வெற்றிலைத் தட்டத்தை வைக்க வாலும் மறைந்தது. பூசைக்குத் தன் வீட்டு விளக்கைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மனைவி வந்து சமையலறை வாசலில் நின்றாள். சப்பாத்து ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், மற்றது காலில். மற்றதையும் கழற்றக் குனிந்தவள் சிறிது நேரம் குனிந்தபடியே நின்றாள்.

"விளக்கு நல்லாப் பளபளக்குது. புளியோ?"

"விபூதி" என்றேன். முழுப்பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

"ஓ" என்றுவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

மறுநாள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பால் அடுப்பில் ஏறியதும் பூசை செய்ய வந்த ஐயர் சன்னலோரம் பார்த்தார். "இதென்ன, இங்கை ஒரு விளக்கு?"

"அக்கினி மூலை, ஐயா. குடிபூருகிற வீட்டிலை மூண்டு நாளைக்கு அசைக்கக்கூடாது" என்றேன். எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று அவருக்கு இன்னும் இரண்டு குடிபூரல் இருந்தது. "நல்லது, நல்லது" என்றார். ஐயரே சொல்லிவிட்டார் என்றதும் அறையில் இருந்த எல்லோரும் விளக்கைக் கும்பிட்டார்கள். மாஸ்ரர் மட்டும் என் காதுக்கருகே வந்து, "தம்பி, அக்கினி மூலை தென்கிழக்கு. உது வடமேற்கு" என்றார். பால் பொங்கிய ஆரவாரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கும்பிட்டவர்களில் மனைவியின் உறவுக்காரப் பெண்மணி ஒருவரும் இருந்தார். நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம். விட்பியில் புது வீடு கட்டி முடியக் காத்திருந்தவர். இரண்டாம் நாளே போன் எடுத்தார்.

"மூண்டு நாள்தானோ? இல்லாட்டி கோயில் மாதிரி ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளோ?"

மனைவி பக்கத்தில் நின்றாள். மூன்று நாள் என்றால் நாளை மறுநாள் விளக்கு எழும்பிவிடும். "நாப்பத்தெட்டு, அன்ரி" என்றேன்.

அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குப் பின்னேர வேலை. துடைக்கவென்று அவள் கவுண்டருக்குக் கிட்டப் போனால் விளக்கை நகர்த்திவிடுவாள். ஆகவே துடைக்க ஒன்றும் மிஞ்சாமல், வேலைக்குப் போகுமுன் நானே எல்லாம் செய்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப், மெத்தென்ற துணி. மாபிளோடு நிறுத்தினால் சந்தேகம் வருமென்று அடுப்பையும் துடைத்தேன், சிங்கையும் துடைத்தேன், தரையையும் துடைத்தேன். ஓய்வு நாட்களில் அவள் துணியை எடுக்குமுன் நான் எடுத்துவிடுவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கதிரையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுத் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பாள். அவள் மாபிளின் ஓரத்தை விரலால் தடவுவதைக் காணும்போதெல்லாம் என் மனம் சுட்டது. அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதையும் நான் கெடுத்து, மேலே ஒரு விளக்கையும் ஏற்றி வைத்திருந்தேன்.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு பேரும் வீட்டில். இதற்குமேல் பொய் சொல்ல எனக்குச் சாத்திரம் போதாது. "இஞ்சாரும், ஒரு விசயம்" என்று தொடங்கி, தட்டத்தை எடுத்து, விளக்கையும் தூக்கினேன்.

அவள் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"புளிதானே? வாலுக்கு என்ன போட்டனீங்கள்? குளியலறைத் தண்ணியோ?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்கு வாசல்லை நிண்டே கண்டனான். நாலு வருசம் மாபிள் துடைச்சவளுக்கு உது தெரியாதே? தட்டத்துக்கு வெளியிலையும் ரெண்டு துளி விழுந்து கிடந்தது. வீடெல்லாம் புளி மணம் வேறை."

சிங்குக்குக் கீழே குனிந்து, என் ஏழு போத்தல்களுக்கும் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே வெள்ளைத் தூள், கூடவே தடித்த கம்பளித் துணி ஒன்று. "வேலையிலை மேலாளரிட்டைக் கேட்டு, அடுத்த கிழமையே கொண்டு வந்தனான். மாபிளுக்குப் பளபளப்பு ஏத்துற தூள். ஈரம் பண்ணித் தேய்ச்சால் அரை மணித்தியால வேலை."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீர்?"

அவள் சிரித்தாள். "பகல் முழுக்க ஆரோ ஆக்களின்ரை இடத்தைத் துடைச்சுப்போட்டு வாறன். நாப்பத்தெட்டு நாள் என்ரை இடத்தை வேறை ஒராள் துடைச்சு வைச்சிருந்தது. நான் வந்து சும்மா இருந்தன். அதைக் கெடுப்பனே?"

வெட்கமாக இருந்தது. மாதிரித் துண்டுகளுக்கெல்லாம் புள்ளி போட்டவன், வேலையால் வந்து மறுபடியும் துணியைத் தூக்குகிற அவளை அந்த நாலு வருடத்தில் ஒரு நாளாவது கவனித்ததில்லை. டப்பாவை வாங்கித் தூளைப் போட்டேன். அவள் கதிரையில் இருந்து மேற்பார்வை பார்த்தாள். "அமத்தாதீங்கோ. அங்காலை விட்டுப்போச்சு. ஓம், அந்த மூலை." முக்கால் மணி நேரம் பிடித்தது. வட்டம் போய்விட்டது. வெளிச்சத்துக்குத் தலையைச் சரித்தால் மட்டும் இன்னும் ஒரு துளி தெரியும்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, மனைவி எடுத்தாள். விட்பி அன்ரி. அவருடைய வீட்டுக் குடிபூரல் அடுத்த வாரம். விளக்கு விஷயத்தை மறுபடி உறுதிப்படுத்த வேண்டுமாம். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நான் துணியும் கையுமாக விறைத்துப்போய் நின்றேன்.

"ஓம் அன்ரி, நாப்பத்தெட்டு நாள்தான்" என்றாள் மனைவி. "அதிலை ஒண்டு இவர் சொல்ல மறந்திட்டார். விளக்கைச் சுத்தித் துடைக்கிறது, குசினியிலை அடுப்பு, தரை துடைக்கிறது எல்லாம் வீட்டு ஆம்பிளைதான் செய்யவேணும். பொம்பிளை கை வைக்கக்கூடாது."

போனுக்கு வெளியே அன்ரியின் குரல் எனக்கே கேட்டது: "உதையும் நாப்பத்தெட்டு நாளைக்கோ பிள்ளை?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லை அன்ரி. விளக்குத்தான் நாப்பத்தெட்டு நாள். துடைக்கிறது காலம் முழுக்க."