ஹொரேஸ் டிம்ப்ரெலும் மேய்ச்சல் வயல் பாதையும்

அன்று காலை ஊர் மண்டபத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கை கால் ஓடுவதில்லை. எங்கள் பக்கம் சாட்சி சொல்லப் போனவர், ஊரிலேயே தங்கமான மனுஷர், எங்கள் வழக்கைத் தன் வாயாலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சிரித்த முகமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்லா சொன்னேனா, கண்ணு?" என்று வேறு கேட்டார்.

ஹொரேஸ் டிம்ப்ரெலைப் பற்றித்தான் சொல்கிறேன். எங்கள் நெதர்காம்ப் கிராமத்தில் காலமெல்லாம் வீடு வீடாகப் பால் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் கால் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு வழிபாடு முடிந்ததும் சர்ச் வாசலில் தடியோடு நிற்பார். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு மண்மேட்டுக் கோட்டை, கொள்ளைநோயில் அழிந்துபோன பழைய ஊரின் மேடுபள்ளம், கடைசியாக மேய்ச்சல் வயலைக் கடந்து ஆற்றோரத்து இடிந்த தேவாலயம் என்று ஒரு சுற்று வருவார். சுற்று முடிவது சர்ச்சுக்கு எதிரே நான் நடத்தும் பப்பில், அதாவது மதுக்கடையில். அதனால் அவர் நடைக்கு நான் பரம ரசிகை. முன்பாதிக்குக் கூடவே நடப்பேன், பின்பாதிக்கு ஓடிவந்து பீர் ஊற்றுவேன்.

அவர் சொல்லும் சரித்திரத்தை நம்பிப் பரீட்சை எழுதினால் பூஜ்யம்தான் கிடைக்கும். எந்தச் சுவரில் ஓட்டை இருந்தாலும் அது பழைய உள்நாட்டுப் போரின் தளபதி கிராம்வெல்லின் பீரங்கி போட்டதுதான்.

"போன வாரம் இதே சுவரை ரோமானியர்னு சொன்னீங்க?" என்று தபாலாபீஸ் டோரீன் மடக்குவாள்.

"ரோமானியர் கட்டினான், கிராம்வெல் இடிச்சான். ரெண்டு பேருக்கும் வேலை வேணாமா?" என்பார்.

ஆனால் இடிந்த தேவாலயத்துக்குப் போனால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அங்கே ஒற்றை வளைவும் ஒரு ஊற்றும் ஒரு முள்மரமும்தான் மிச்சம். அந்த மரத்தடியில்தான் அவர் மனைவி மேவிஸின் சாம்பலைத் தூவினோம். அவள் கேட்டுக்கொண்டது அப்படி. நாங்கள் எல்லோரும் வளைவைப் பார்ப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். அவர் கொஞ்ச நேரம் மரத்தோடு இருந்துவிட்டு வருவார்.

அங்கே போக மேய்ச்சல் வயலை விட்டால் வேறு வழி கிடையாது. மற்ற மூன்று பக்கமும் ஆறு. அந்த வயல், கில்பர்ட் ஹக்கின் என்ற கிழவருடையது. அவர் வாரிசில்லாமல் செத்துப்போக, பண்ணையை ஹேரியட் லாங்டன் என்ற பெண்மணி வாங்கினாள், குதிரை வளர்க்க. யாரோ ஊர் சுற்ற வந்தவனின் நாய் அவள் குட்டிக்குதிரையைத் துரத்திக் காலை ஒடித்துவிட்டது. மறுநாளே வயல் கதவில் சங்கிலி. அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஆனால் ஹொரேஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்தபடி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

விடுவேனா? அதைப் பொதுப்பாதையாக அறிவிக்கக் கேட்டு ஊரையே கிளப்பினேன். சட்டம் எளிமையானது. ஒரு நிலத்தின் வழியாக ஊர் ஜனம் இருபது வருஷம் நடந்திருந்தால் அது ஊர்ப் பாதை, பிறகு யாரும் பூட்ட முடியாது. பூட்டை உடைத்துப் போயிருக்கக் கூடாது, ஒளிந்து போயிருக்கக் கூடாது. இவை இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதும் ஒன்று உண்டு. அது எங்களைக் கடிக்கும் என்று யாரும் கனவில்கூட நினைக்கவில்லை. ஏனென்றால் எங்களில் யாருமே அந்தத் தப்பைச் செய்ததில்லை. எங்களுக்கும் சேர்த்து ஒருவர் செய்துவந்தது தெரியாதே.

விசாரணைக்கு நகரத்திலிருந்து அதிகாரி வந்தார். ஒருவர் பின் ஒருவராக ஏறி, நடந்தோம், நடந்தோம், என் அப்பாவும் நடந்தார் என்று சொன்னோம். ஹேரியட் லாங்டன் முன்வரிசையில் முகம் இறுகி உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். கடைசியாகக் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு மாட்டிக்கொண்டு ஹொரேஸ் எழுந்தார். எங்கள் துருப்புச்சீட்டு.

"அந்தப் பாதையில யாராவது உங்களைத் தடுத்திருக்காங்களா, மிஸ்டர் டிம்ப்ரெல்?" என்றார் அதிகாரி.

"தடுக்கிறதா? கில்பர்ட்டா? நல்லா கேட்டீங்க போங்க. நாங்க என்ன பண்பாடு இல்லாதவங்களா? வருஷா வருஷம் அறுவடை விருந்தன்னைக்கு மேவிஸ் போட்ட பிளம்ஸ் ஜாம் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போவேன். 'கில்பர்ட், இந்த வருஷமும் ஊர்க்காரங்க உங்க வயல்ல நடக்கலாமா?'ன்னு கேப்பேன். 'நடங்க, ஆனா கதவை மூடிட்டுப் போங்க'ம்பார். ஒரு வருஷம்கூட கேக்காம நடந்ததில்லைங்க ஐயா."

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதை மத்தவங்களுக்கும் சொன்னீங்களா?" அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது. அந்த மனுஷருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"சொல்லாம? ஒவ்வொரு வாரமும் கதவுகிட்ட நிறுத்தி, 'கில்பர்ட் பெரிய மனசு பண்ணி விட்டிருக்கார், நன்றியோட நடங்க'ன்னு சொல்லித்தான் உள்ள விடுவேன். இவங்களையே கேளுங்களேன்!"

சொன்னார்தான். வாரா வாரம் சொன்னார். ஹொரேஸின் மரியாதை என்று நாங்கள் பாதிக் காதில் கேட்டுக்கொண்டு நடந்தோம். அதிகாரி பேனாவை மூடினார். மூன்றாவது விதியை மெதுவாக விளக்கினார். அனுமதி கேட்டு நடந்தால் அது கொடுத்தவரின் தயவு. தயவு எத்தனை வருஷமானாலும் உரிமை ஆகாது. கேட்காமல் நடந்திருந்தால் மட்டுமே அது ஊர்ப் பாதை. வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

ஹொரேஸுக்கு ஒன்றும் ஏறவில்லை. பப்புக்கு வந்து, பீரைத் தொடாமல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"நான் கேக்காம போயிருந்தா ஜெயிச்சிருப்போமா?"

"ஆமா, ஹொரேஸ்."

"அடுத்தவன் நிலத்துல? ஒரு வார்த்தைகூட கேக்காம?"

"ஆமா."

"மேவிஸ் என்னைக் கொன்னே போட்டிருப்பா," என்றார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்ததை நான் பார்த்தேன். "அப்போ அவகிட்ட போற வழியை நானேதான் அடைச்சேனா?" சட்டத்தின் மீதும், எங்கள் ஊர் மரியாதையின் மீதும், செத்துப்போன கில்பர்ட்டின் மீதும் எனக்கு வந்த கோபத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பையை உடைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தார், அதே தடியோடு. கோட்டை மேட்டில் கதை இல்லை, கிராம்வெல் இல்லை. நேரே மேய்ச்சல் வயலுக்குப் போனார். சங்கிலி போட்ட கதவின் முன் வழக்கம்போல நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நாங்களும் பழக்கதோஷத்தில் நின்றோம். மனுஷர் தடியை அந்தப் பக்கம் எறிந்துவிட்டுக் கதவில் ஏறத் தொடங்கினார்!

எண்பது தாண்டிய உடம்பு, போதாததற்கு இடுப்பில் ஆபரேஷன் செய்து வைத்த இரும்பு. டோரீன் அலறினாள். "ஐயோ ஹொரேஸ், இறங்குங்க! இனிமே கேக்காம நடந்தாலும் ஊர்ப் பாதையாக இருபது வருஷம் ஆகுமே!"

"எனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்று மூச்சுவாங்கிக்கொண்டே அந்தப் பக்கம் இறங்கினார்.

அதற்குள் ஹேரியட் லாங்டன் லாயத்திலிருந்து வந்துவிட்டாள். அவளும் மண்டபத்தில் இருந்தவள், விதி அவளுக்கும் தெரியும். போகக் கூடாது என்றால் தடை. போய் வாருங்கள் என்று இரக்கப்பட்டால் அதுவும் தயவு. அவள் எதைச் சொன்னாலும் நாங்கள் தோற்றோம். தயவுசெய்து பேசாதே என்று கெஞ்ச வாய் எடுத்தேன். அப்படிக் கெஞ்சினால் அதுவும் அனுமதி கேட்டதாகிவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் ஹொரேஸைப் பார்த்தாள். அவரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். காலமெல்லாம் கேட்டே பழகிய வாய், இறுக மூடியிருந்தது. அவள் பார்வை அவரைத் தாண்டி ஆற்றோரத்து முள்மரத்துக்குப் போய்த் திரும்பியது.

"மழை வர்ற மாதிரி இருக்கு, மிஸ்டர் டிம்ப்ரெல்," என்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடும்," என்றார் அவர்.

அவ்வளவுதான். அவள் திரும்பி லாயத்துக்கு நடந்தாள், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகைப் பார்த்து "நன்..." என்று ஹொரேஸ் ஆரம்பித்தார். சட்டென்று தொப்பியால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வழிய, அப்படியே பொத்தியபடி மேவிஸின் மரத்தைப் பார்த்து நடந்தார்.