ஏழாவது சீட்டு

காஜா பெராங் தெருவில் சீட்டுப் பார்க்கும் கமலவேணி என்றால் கடலோரத் தெங்கேரா மீன்காரிகளுக்குக்கூடத் தெரியும். வாசலில் பலகை எதுவும் கிடையாது. பிஸ்கட் டின்னில் ஒரு பழைய சீட்டுக்கட்டு, அதை விரிக்க ஒரு பாய். தொழிலுக்கு அது போதுமாக இருந்தது.

வந்தவருக்கென்று முதலில் ஒரு சீட்டைக் குறித்துக்கொள்வாள். கலியாணமான பெண் என்றால் இதயம் போட்ட ஆட்டின் ராணி. பிறகு கட்டைக் கலைத்து, எல்லாச் சீட்டையும் வட்டமாக அடுக்குவாள். ராணி விழுந்த இடத்தில் விரலை வைத்து, அதையே முதலாகக் கொண்டு எண்ணி, ஏழாவது சீட்டில் நிற்பாள். அங்கே கிடப்பதுதான் பதில். முதல் எண்ணை மட்டும் அவள் ஒன்று என்று சொல்வதில்லை, 'லாபம்' என்பாள். செத்துப்போன அவள் கணவர் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஓர் அரிசிக்கடையில் அளப்பவராக இருந்தவர். முதல் படிக்கு லாபம், அடுத்ததற்கு ரெண்டு. மனிதர் போய்விட்டார், எண்ணிக்கை வீட்டில் தங்கிவிட்டது.

ஐம்பத்தேழு ஆகஸ்டில், ஊரெல்லாம் மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரம், தையல்காரி ஜெயா சீட்டுப் பார்க்க வந்தாள். கமலவேணி ராணியின் மேல் விரலை வைத்து "லாபம்" என்றதும் ஜெயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா, சீட்டுப் பாக்குறீங்களா, அரிசி அளக்குறீங்களா?"

கமலவேணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டைத் தொட்டு "ஒண்ணு" என்றாள்.

"லாபம்தானே ஒண்ணு? மறுபடி ஒண்ணுன்னா எட்டுல இல்ல போயி நிப்பீங்க."

கமலவேணியின் விரல் சீட்டின் மேல் அப்படியே நின்றது. முன்பும் ஒருத்தி இப்படிக் குறுக்கே பேசியிருக்கிறாள்.

பக்கத்து வரிசை வீட்டு அஞ்சலை. பதினோரு வருடம் ஆகிறது. அவள் கணவன் அப்பாசாமியைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போயிருந்தார்கள். சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். அவன் வரவில்லை, செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை. உயிரோடு இருக்கிறானா என்று கேட்டுத்தான் அவள் வந்தாள். 'லாபம்' காதில் விழுந்ததும், "சயாமுக்குப் போனவருக்கு என்னக்கா லாபம்?" என்று வெடுக்கென்று கேட்டாள். அதில் கமலவேணி தடுமாறி, அடுத்த சீட்டிலிருந்து ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிப் போனாள். விரல் நின்ற இடத்தில் ஆட்டின் பத்து. நல்ல சீட்டு. "இருக்காரு, வருவாரு" என்று சொல்லி அனுப்பினாள். அதற்கு முந்தின, சரியான ஏழாவது சீட்டு இப்போது கண்ணுக்குள் வந்து நின்றது. இஸ்பேட் ஒன்பது. சாவுச் சீட்டு.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். பஸ் ஓட்டும் பொன்னுதுரை நாலு வருடமாக அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான். இப்போது அவனுக்கு மூவாருக்கு மாற்றல். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றிருந்தான். அவள் இல்லை என்றுதான் சொல்வாள் என்பது தெருவுக்கே தெரியும்.

ஜெயா போன பிறகும் கமலவேணியை அந்த எண்ணிக்கை விடவில்லை. படி ஏறினாலும், கிணற்றில் நீர் இறைத்தாலும் வாய் எண்ணியது. எட்டு வந்ததும் யாரோ பின்னால் நிற்பதுபோல் முதுகு கூசியது. வியாழன் சாயங்காலம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நான் தப்பா எண்ணிட்டேன் அஞ்சலை. அவரு இல்ல. பொன்னுதுரைக்குச் சரின்னு சொல்லு."

அஞ்சலை அழவில்லை. அரிசி களைந்த கையை நீரிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப, இத்தன வருசமா நான் பின்வாசல்ல வைக்கிற சோத்த யாரு சாப்புடுறா?"

"பூனையா இருக்கும்."

"காலைல பாத்தா தட்டு கழுவிக் கவுத்திருக்கு. பூனை கழுவி வைக்குமாக்கா?"

கமலவேணி பின்வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு வைக்காத" என்றாள். "நானும் கூட இருக்கேன். யாரும் வரலன்னா நாளைக்கு அவன்கிட்டச் சரின்னு சொல்லிடணும்."

அஞ்சலை யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். சோறு வெந்து ஆறியது. மசூதியில் பாங்கு ஓய்ந்தது. பின்வாசலுக்கும் வேலிக்கும் இடையே சரளைக்கல் கொட்டியிருந்தது. வேலிப் பக்கம் கல் நறநறத்தது. கமலவேணியின் உதடு தானாக அசைந்தது. லாபம். ரெண்டு. மூணு. ஏழாவது அடி கதவுக்கு நேரே நின்றது. எட்டாவது வரவில்லை.

அஞ்சலை எழுந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றி, கதவை ஒரு கை அளவு திறந்து வெளியே வைத்துவிட்டு மூடினாள். அவளும் எட்டிப் பார்க்கவில்லை, கமலவேணிக்கும் துணிவில்லை.

"இருக்காரா இல்லையான்னு நீங்க எண்ணிக்கிட்டே இருங்கக்கா" என்றாள் அஞ்சலை. "பசியோட வந்திருக்காரு."

பொன்னுதுரை தனியாகத்தான் மூவார் போனான். கமலவேணி அதன் பிறகு யாருக்கும் சீட்டு விரிக்கவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் கண் சரியில்லை என்பாள். அஞ்சலை வீட்டுக்குப் போகும்போது முன்வாசல் வழியாகவே போய்வருவாள். அந்தச் சரளைக்கல் மேல் ஒருநாளும் கால் வைத்ததில்லை.