“எடுத்துடு” என்றாள் உர்சுலா

பதினோரு வருஷமாக உர்சுலாவிடம் வேலை பார்க்கிறேன். ஒரு படத்தையாவது அவள் முழுசாக உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அவளே தயாரித்த படங்களைத்தான் சொல்கிறேன்.

“சங்கீதா, புரொட்யூசர்னா என்ன லா வேலை?” என்று சிங்கப்பூர்த் தேக்கா கடைவீதியில் தெரிந்தவர்கள் என்னைக் கேட்பார்கள். நட்சத்திரங்களோடு கைகுலுக்கிப் படம் பிடித்துக்கொள்கிற வேலை என்று நினைப்பு. எங்கள் படங்களில் நட்சத்திரமே கிடையாது. இயக்குநர் ஒரு நாட்டில், கேமரா இன்னொரு நாட்டில், ஒலிக்கலவை மூன்றாவது நாட்டில். எல்லாரையும் ஒரே தேதியில் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஒருமுறை காகிதத்தில் நான் ஒரு எண்ணை மாற்றி எழுதித் தொலைத்ததால் விளக்குப் பெட்டிகள் இந்தோனேசியாவில் பாத்தாம் படகுத்துறையிலேயே நின்றுவிட்டன. உர்சுலா ஐந்து மணி நேரம் மழையில் நடந்து நடந்தே ஆளாளுக்கு மலாயில் கெஞ்சி அவற்றை மீட்டாள். என்னைத் திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை, அடுத்த படகைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

அவள் செம்பவாங்கில் பிறந்தவள். அப்பா அங்கே கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். தொலைக்காட்சியில் ஒன்பது வருஷம் நல்ல வேலையில் இருந்தாள். ஒரு திங்கட்கிழமை விட்டுவிட்டு வந்துவிட்டாள். “ஒரே ஸ்டூடியோ, ஒரே மூஞ்சிங்க, பைத்தியம் பிடிக்குது” என்றாள், அவ்வளவுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கின கையோடு வெளியே வந்து ஜகார்த்தாவுக்குப் போன் போடுவாள். கடைசி ஆசீர்வாதத்துக்காவது நிற்கக் கூடாதா என்று அவள் அம்மா புலம்பினால், “சாமிக்கு என்னைத் தெரியும்மா” என்பாள். எனக்கும்தான் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

போன வருஷத்துப் படம் கப்பல் பட்டறை ஆட்களைப் பற்றியது. இயக்கமும் எடிட்டிங்கும் சென்னைக்கார வருண். நடித்தவர்களில் ஒருவர் நிஜமாகவே பட்டறையில் துரு சுரண்டுகிறவர். அறந்தாங்கிப் பக்கத்து ரகுபதி. அவரை நடிக்கவைக்கிற அனுமதிக்காக உர்சுலா நான்கு மாதம் அலைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைக் கூட்டத்துக்கு நடுவே, ரகுபதி ஊரிலிருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவதைப் படமாக்கினோம். வசனம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. “வேலை செய்யிற இடத்தைக் காட்டுப்பா” என்று அந்தப் பெண் கேட்டாள். ரகுபதி போனைத் திருப்பி ஒரு நகைக்கடைக் கண்ணாடியைக் காட்டி, “இதாண்டா அப்பா ஆபீசு” என்றார். நான்கு நிமிஷம். நானும் உர்சுலாவும் அந்த நடைபாதையிலேயே நின்று அழுதோம்.

அந்தச் சீனுக்கு ஊர்ப் பக்கத்தையும், அதாவது மகள் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதையும் படமாக்க வருண் அறந்தாங்கிக்குப் போவதாக இருந்தது. அதற்குள் திரைப்பட விழாக்காரர்கள் படம் தொண்ணூறு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வருண் போன் செய்தபோது உர்சுலா மலேசிய எல்லையில், ஜொகூரில், பாஸ்போர்ட் காட்டுகிற குடிநுழைவு வரிசையில் நின்றிருந்தாள். அங்கே போன் பேசக் கூடாது. அதிகாரி முறைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ரகுபதி போன் சீனை எடுத்துடவா?”

“எடுத்துடு, எடுத்துடு. இதுக்கெல்லாம் கேப்பியா லா?”

வைத்துவிட்டாள். ஊருக்குப் போய்ப் படம் எடுக்கவா என்று கேட்கிறான் என அவள் நினைத்தாள். அவன் கேட்டது படத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பாழாய்ப்போனவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்புறமாவது தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் ஒலிக்கலவை நடந்தபோது அந்த இடம் வரும் நேரத்தில் இவள் வெளியே நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் இங்கே அனுமதிக் காகிதங்களில் கிடந்தேன். முடிந்த படம் சென்னையிலிருந்து நேரே விழாவுக்குப் போய்விட்டது.

திரையிடல் ஞாயிறு மாலை. மதியம் தியேட்டரில் ஒலி அளவு சரிபார்க்க நாங்கள் இருவரும் போயிருந்தோம். ரகுபதியின் முதுகு ஒரு காட்சியில் வந்தது. அதற்கப்புறம் அவர் வரவேயில்லை. உர்சுலா வருணைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

“நீங்கதானக்கா எடுத்துடச் சொன்னீங்க?” என்றான் அவன்.

அவள் விழாக்காரர்களிடம் ஓடினாள். மூன்று மணி நேரத்தில் படத்தை மாற்ற வழியில்லை என்று அவர்கள் கைவிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு பேசவே பிடிக்கவில்லை. ரகுபதி தான் தங்கியிருக்கும் தொழிலாளர் விடுதியிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். நான்தான் டிக்கெட் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

ஆறரைக்கு இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் வந்தார். உர்சுலா அவரைத் தனியே இழுத்துப்போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“அப்ப நான் படத்துலயே இல்லியாக்கா?”

“முதுகு மட்டும் வருது. மன்னிச்சுடுங்க, ரகுபதி.”

தன்னோடு வந்தவர்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். “பரவால்லக்கா. வந்தது வந்துட்டோம், பாத்துட்டுப் போறோம். இவனுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

அன்றைக்கு உர்சுலா எழுந்திருக்காமல் உட்கார்ந்து படம் பார்த்தாள். எங்களுக்கு முன்வரிசையில் அவர்கள். “எப்படா வருவ?” என்று ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ரகுபதி, “சும்மா பாருடா” என்றார். விளக்கு போட்டதும் எட்டுப் பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“நான்தான்டா வேணாம்னு சொல்லிட்டேன்” என்றார் ரகுபதி, சாதாரணமாக. “நகைக்கடையக் காட்டி ஆபீசுன்னு புள்ளகிட்ட சொல்லியிருந்தேன். நாளைக்கு அது படத்தப் பாத்தா அப்பன் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிடும்ல? அதான்.”

அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவன் அவர் தோளில் கை போட்டு, “சரியாத்தான்டா செஞ்சிருக்க” என்றான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பக்கத்தில் உர்சுலா எழுந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள்.

“இல்ல, அவரு சொல்லல” என்றாள், அரங்கமே கேட்கிற குரலில். “தப்பு என்னுது. போன்ல சரியாக் கேக்காம நான்தான் தூக்கச் சொல்லிட்டேன்.”

தோளில் கை போட்டவன் கையை எடுத்தான். இன்னொருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னடா, அவங்களே உன்னத் தூக்கிட்டாங்களா? இவ்ளோ நேரம் எங்ககிட்ட கத விட்டியா?”

ரகுபதி உர்சுலாவைத் திரும்பிப் பார்த்தார். படத்துக்கு முன்னால் வராத கோபம் இப்போது முகத்தில் இருந்தது.

“சீனு போனா போவுதுன்னு விட்டேன்க்கா. இவனுங்க கூடத்தான் நான் தினமும் படுத்து எந்திரிக்கணும். ஒரு ரெண்டு நிமிஷம் உங்களால சும்மா இருக்க முடியலயா?”

பதினோரு வருஷமாக நான் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார்.