பீற்றிஸ் தலை குனிந்த மேசை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தாண்டவன்வெளியில் அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கேட்டால் பீற்றிஸைக் காட்டினால் போதும். புருஷன் அருளப்பு வாவியில் பிடித்து வரும் றாலையும் நண்டையும் கரையில் நின்று விற்பவள் அவள்தான். வியாபாரி ஒரு விலை சொல்லி வாயை மூடுவதற்குள் அவனுடைய தாய் தகப்பன் பரம்பரை வரைக்கும் விசாரித்து முடித்துவிடுவாள். கோயிலில் பாட்டு என்றாலும் அவள் குரல்தான் முன்னுக்கு, செத்த வீட்டில் ஒப்பாரி என்றாலும் அவள் குரல்தான் முன்னுக்கு.

அப்படிப்பட்டவள், வாவியில் மீன்பாடு குறைந்த வருசம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலை பஸ் வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது வாயை மூடினால், பின்னேரம் திரும்பி வரும்போதுதான் திறப்பாள். "பாலத்துக்கு அங்கால இவள் ஊமை. சேத்து வச்சிக் கொண்டுவந்து கொட்டுறது எல்லாம் எனக்குத்தான்" என்று அருளப்பு சிரிப்பார். சிரிப்பாரே தவிர, மனிசிக்கு அங்கே என்னவோ சரியில்லை என்று அவருக்கும் தெரியும்.

வாவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் அந்த ஃபெக்டரி. அங்கே தைப்பது நம் ஊர் உடுப்பு இல்லை. எங்கேயோ குளிர் நாட்டில், உடம்பு நன்றாயிருக்க வேண்டும் என்பதற்காகக் காலையில் எழும்பி ஓடுகிற சனங்கள் போடும் உடுப்பு. சுவரில் ஒரு பெரிய படம். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடி முடித்த களைப்பில் போத்தலை அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறாள். அந்தப் படத்துக்குக் கீழே இருந்து தைக்கிற பெண்கள் ஒருவரும் தண்ணீர் குடிப்பதில்லை.

காரணம் ஒரு நீல அட்டை. கயிறு கோத்த பிளாஸ்டிக் அட்டை. ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மெசினுக்கு, ஒரேயொரு அட்டை. அது சுப்பர்வைசரின் மேசையில் கிடக்கும். சலம் கழிக்கப் போக வேண்டியவள் எழும்பிப் போய் அந்த மேசைக்கு முன்னால் தலை குனிய வேண்டும். அவர் கழுத்தில் மாட்டிவிடுவார். போய் வந்து மறுபடி குனிந்தால் கழற்றுவார். கையில் கொடுத்தால் என்ன என்று யாரோ கேட்டதற்கு, கழுத்தில் கிடந்தால்தான் யார் எழும்பி நிற்கிறாள் என்று தூரத்திலிருந்தே தெரியும் என்றார்களாம். ஆட்டுக்கு மணி கட்டுகிறவனும் இதைத்தான் சொல்வான்.

தண்ணீர் குடித்தால் சலம் வரும். சலம் வந்தால் அட்டை வேண்டும். அட்டைக்குக் காத்து நின்றால் அன்றைய டார்கெட் பிந்தும், பிந்தினால் ஏச்சு. அதனால் காலையில் வீட்டில் ஒரு தேத்தண்ணீர், அதோடு சரி. "எங்களுக்கு வருசத்துல ஒரு மாசந்தான் நோன்பு. உங்களோட சேந்து இப்ப வருசம் முழுக்க நோன்பு" என்பாள் பக்கத்து மெசினில் தைக்கும் ஏறாவூர் றஸீனா. எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தால் தொண்டை இன்னும் காயும்.

இந்த லைனுக்குத்தான் சர்மிளா வந்து சேர்ந்தாள். வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை, ஒரு மேசனுடைய மனைவி. முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள். வேலையில் இன்னும் நிரந்தரமாக்கவில்லை. தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் பீற்றிஸுடைய கண்ணுக்கு எது தப்பும்? ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் குந்தி, காதோடு கேட்டாள்.

"எத்தின மாசம் புள்ள?"

சர்மிளா அழுதுவிட்டாள். சலக்கடுப்பு என்றும், அடக்கி வைக்கக் கூடாது, போன தடவை பிள்ளை தங்காமல் போனதற்கும் அதுதான் காரணம் போல என்று கிளினிக்கில் சொன்னதாகவும், ஆனால் அடிக்கடி எழும்பினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்றும் சொன்னாள்.

"நீ எழும்பாத. நான் எழும்புறன்" என்றாள் பீற்றிஸ்.

அன்றிலிருந்து ஒரு வேலை நடந்தது. பீற்றிஸ் மேசைக்குப் போய்க் குனிவாள். அட்டையோடு துணிக்கட்டுகள் அடுக்கியிருக்கும் மூலைக்குப் போவாள். நூல் எடுக்கிற சாட்டில் சர்மிளா அங்கே வருவாள். கட்டுகளின் மறைவில் பீற்றிஸ் அட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டு, அவள் திரும்பி வரும்வரை சுவரோடு ஒட்டி நிற்பாள். தனக்கு வந்தாலும் அடக்கிக்கொள்வாள். பெற்ற பிள்ளையாக நினைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

சுப்பர்வைசருக்கு இது பிடிபடவில்லை. அன்ரோ என்று பெயர். பீற்றிஸுடைய கோயிலைச் சேர்ந்த பொடியன்தான். முதல் நன்மை வாங்கின சின்ன வயதிலிருந்தே அவனைத் தெரியும். ரோட்டில் கண்டால் "மாமி" என்பான். ஃபெக்டரிக்குள் அவள் "ஏழாம் மெசின்", அவன் "சேர்". "ஏழாம் மெசின் ஏன் இப்பிடி அடிக்கடி போறீங்க?" என்று ஒருநாள் சத்தம் போட்டான்.

"சுகர் சேர்" என்றாள் பீற்றிஸ்.

அவன் முகம் ஒரு கணம் மருமகன் முகமாக மாறியது. "மருந்து எடுக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்கு மேலே, பெரியவர் என்று எல்லாரும் சொல்கிற மனேஜர் இருந்தார். பெரியவருக்கு மேலே கொழும்பு. அதற்கும் மேலே, அந்த ஓடுகிற சனங்களுக்கு உடுப்பு விற்கிற கம்பெனி.

அந்தக் கம்பெனியிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வாரத்துக்கு முன்னமே சொல்லிவிட்டார்கள். சுவர் வெள்ளையடிக்கப்பட்டது. டொய்லட்டில் சவர்க்காரம் வைக்கப்பட்டது. வருகிற நாளுக்கு முதல் நாள் பெரியவர் எல்லாரையும் கூப்பிட்டு, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமாக்கினார். நீல அட்டை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போனது. "நாளைக்கு யாரும் எப்பவும் போகலாம். எப்பவும் இப்பிடித்தான் எண்டு சொல்லுங்க. வாறவங்க திருப்தியாப் போனா அடுத்த ஓடர் வரும். புதுசா வந்த பிள்ளையளையும் நிரந்தரமாக்கலாம். இல்லாட்டி கேட்டப் பூட்டிப்போட்டு எல்லாரும் வீட்ட போக வேண்டியதுதான்."

பீற்றிஸுக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. சர்மிளா நிரந்தரமானால் பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைக்கும். அன்றிரவு செபத்தில் ஆண்டவரிடம் ஒன்றேயொன்றுதான் கேட்டாள். நாளைக்கு ஒருநாள் என் வாயைக் கட்டிவிடும் என்று.

வந்தது ஒரு நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி. சாந்தமான முகம். கூட, மொழிபெயர்க்க ஒரு கொழும்புப் பிள்ளை. பெண்மணி ஒவ்வொரு மெசினாக நின்று சிரித்துச் சிரித்து விசாரித்தா. இடைவேளை உண்டா? உண்டு. சலம் போகலாமா? போகலாம். ஒருத்தியும் தடுமாறவில்லை.

எப்போதும் போகலாம் என்று சொல்லியும் அன்று காலை ஒருத்தியும் எழும்பவில்லை. இன்றைக்கு எழும்பினவள் யார் என்று நாளைக்கு எண்ண மாட்டார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? பீற்றிஸ் திரும்பிப் பார்த்தாள். சர்மிளா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பீற்றிஸுடைய வாய் மூடித்தான் இருந்தது. கால்தான் கேட்கவில்லை. எழும்பினாள். நேரே மேசைக்கு நடந்தாள். அட்டை லாச்சிக்குள் இருப்பதெல்லாம் அந்த நேரம் நினைவில் இல்லை. பூச்சாடி வைத்திருந்த அந்த மேசைக்கு முன்னால், அன்ரோவுக்கு எதிரே, கழுத்தை நீட்டித் தலையைக் குனிந்து நின்றாள்.

ஒவ்வொரு மெசினாகச் சத்தம் நின்றது. பெண்மணி பின்னால் வந்து நின்று ஏதோ கேட்டா.

"இவங்க என்ன செய்றாங்க என்று கேக்கிறாங்க" என்றாள் கொழும்புப் பிள்ளை.

அன்ரோவின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "அது... ஆசீர்வாதம்" என்றான் அன்ரோ. "எங்கட ஆக்கள் வேலை தொடங்கக்குள்ள நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் வாங்குவாங்க. எங்கட வழக்கம்."

கத்தோலிக்க வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். இரவுச் செபம் முடிந்தால் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் தலை குனிவார்கள். அவர்கள் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார்கள். மொழிபெயர்ப்பைக் கேட்ட பெண்மணி மகிழ்ந்து போனா. எவ்வளவு அழகான வழக்கம் என்றா. போனை எடுத்து, ஒரு படம் எடுக்கலாமா, அந்தச் சிலுவையைப் போட்டுக் காட்டுங்கள் என்றா.

அன்ரோ கையைத் தூக்கினான். கை அந்தரத்தில் நின்றது. தன் தாயின் வயதுப் பெண்ணுக்கு, சின்ன வயதில் தன் நெற்றியில் எத்தனையோ தடவை சிலுவை போட்டவளுக்கு, அவன் எப்படிப் போடுவான்? குனிந்தபடியே அந்தக் கையைப் பார்த்த பீற்றிஸுக்குப் பொறுக்கவில்லை. தனக்காக இல்லை, அந்தப் பொடியனுக்காக. நிமிர்ந்து, அவனுடைய கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"சர்மிளா, நீ போயிட்டு வா புள்ள" என்றாள் முதலில். சர்மிளா எழும்பி ஓடினாள். பிறகு கொழும்புப் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"மகள், இவங்களிட்டச் சொல்லுங்க. தம்பி பயத்துல சொல்றான். அவனில பிழை இல்ல. இது ஆசீர்வாதம் இல்ல. இவடத்த ஒரு அட்டை இரிக்கி. சலம் போறண்டா அதக் கழுத்துல மாட்டோணும். அதுக்குத்தான் குனிஞ்சன். இண்டைக்கு அது லாச்சிக்குள்ள கிடக்கு. எனக்கு மறந்திட்டு. பழக்கம் மகள்."

பெரியவர் இருமினார். கொழும்புப் பிள்ளை அவரைப் பார்த்தாள், பீற்றிஸைப் பார்த்தாள். பிறகு சொன்னது சொன்னபடி மொழிபெயர்த்தாள். பெண்மணியின் கையிலிருந்த போன் கீழே இறங்கியது. ஏன் ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்று கேட்டா.

"சொன்னா ஓடர எடுத்து வேற நாட்டுக்குக் குடுப்பீங்க. அங்கயும் ஒரு அட்டை இரிக்கும். அதுக்கும் ஒருத்தி குனிவாள்." பீற்றிஸுக்குத் தன் குரல் வாவிக்கரையில் கேட்பதுபோலவே கேட்டது. "எங்கட வேலைய எடுக்காதீங்கம்மா. அட்டைய மட்டும் எடுங்க. மறுகா, உடுப்புக் கேக்கிற நாளையும் கொஞ்சம் தள்ளிக் கேளுங்க. நீங்க இவங்கள அவசரப்படுத்துறீங்க, இவங்க தம்பிய அவசரப்படுத்துறாங்க, தம்பி எங்கள அவசரப்படுத்துறான். கடைசியில நாங்க சலத்த அடக்கிக்கிட்டு இரிக்கிறம்."

பெண்மணிக்குக் கண் கலங்கியிருந்தது. அட்டையை இன்றே எடுக்கச் சொல்கிறேன் என்றா. ஆனால் உடுப்புக்கு நாள் குறிப்பது தான் இல்லை, தனக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்றா. அந்தச் சாந்தமான முகத்தைப் பார்க்க பீற்றிஸுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்தவவுக்கும் மேலே ஆள் இருந்தால், யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வெள்ளிக்கிழமை பெரியவர் பீற்றிஸைக் கூப்பிட்டார். ஏசவில்லை. ஆள் கூடிப்போயிற்று, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது பாலம் தாண்டியும் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அருளப்புவின் தோளில் சாய்ந்து அழுதாள். "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றாள். "நீயா?" என்றார் அவர். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் அன்ரோ வந்தான். உள்ளே வராமல் படலைக்கு வெளியிலேயே நின்றான்.

"ஏன் மனே அங்க நிக்காய்? உள்ளுக்கு வா."

"வர வெக்கமா இரிக்கி மாமி. உங்களுக்காக ஒரு கதை கதைக்கல்ல நான்."

"கதைச்சா உன்னையும் சேத்துத்தான் அனுப்பியிருப்பாங்க. வா, வந்து இரி." கையைப் பிடித்து இழுத்து வந்து கதிரையில் இருத்தினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அட்டை போய்விட்டது. டார்கெட் குறையவில்லை. சர்மிளா இன்று காலை தானாகவே பெரியவரிடம் போய், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். கம்பெனிக்காரர் இன்னும் கொழும்பில் நிற்பதால் பெரியவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளுடைய லீவுக்கு எழுதியாயிற்று.

பீற்றிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னொண்டு மாமி" என்றான் அன்ரோ. "லைன் முடியுற இடத்துல அந்தப் பெரிய குடிதண்ணிப் போத்தல் இரிக்கிறல்லா? ஒண்டு வச்சா ஒரு கிழமை முழுக்கக் கிடக்கும், கடைசியில மிச்சத்த ஊத்துறதான். இண்டைக்குத் தேத்தண்ணி நேரத்துக்கு முதல் முடிஞ்சி போச்சி. கடைக்கு ஆள் அனுப்பி இன்னொண்டு எடுத்து வச்சம். அதுவும் முடிஞ்சி. பொம்புளையாக்கள் மாறி மாறி வந்து குடிக்கிறாங்க, சிரிக்கிறாங்க, மறுகாவும் வந்து குடிக்கிறாங்க." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இவ்வளவு தாகத்தோடயா மாமி எல்லாரும் இருந்தீங்க?"

பீற்றிஸ் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"இருந்தம் மனே" என்றாள்.